பூசையில் வைத்த ஊசிகள்

ஆண்பிள்ளைகளுக்கு அறுபதை நெருங்கும்போது ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிப்பது கோயமுத்தூர்ப் பக்கத்தில் புதிதில்லை. வசதி உள்ளவர்களில் ஒருவர் குலதெய்வத்துக்குக் கோபுரம் கட்டுவார், இன்னொருவர் பழைய காரை வாங்கி நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார். நஞ்சுண்டன் விமானம் வாங்கினார். அதுவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற விமானம் இல்லை, ஒரு காலத்தில் சண்டைக்குப் போன விமானங்கள். துடியலூரில் இருந்த பம்ப் பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு, தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத் தென்னந்தோப்பில் பெரிய தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் மூன்றை நிறுத்தி வைத்திருந்தார்.

இதில் பாதிப் பங்கு முகமது யூசுப்புக்கு. கோட்டைமேட்டில் தகடு வேலைப் பட்டறை வைத்திருப்பவர், நஞ்சுண்டனோடு பல வருஷப் பழக்கம். ஒருவருக்குப் பைத்தியம் பிடித்தால் மற்றவர் பிடித்து நிறுத்துவதுதான் சிநேகிதம். இவர்கள் இருவருக்கும் ஒன்றாகவே பிடித்துவிட்டது. எங்கெங்கோ ஏலத்தில் எடுப்பார்கள், துண்டு துண்டாக லாரியில் வரும், வருஷக்கணக்கில் உட்கார்ந்து பூட்டுவார்கள், சாயம் அடிப்பார்கள். கடைசியில் அது எங்கேயும் பறக்காது. கொட்டகையில் நிற்கும்.

நஞ்சுண்டனின் மனைவி பாவாத்தாளுக்கு முதல் இரண்டு விமானங்களோடு பெரிய சண்டை இல்லை. ஒன்று முன்னால் விசிறி வைத்த பயிற்சி விமானம், வெளிநாட்டுக்காரன் வீட்டுத் தேர் மாதிரி இருக்கும். இன்னொன்றுக்கு இறக்கையே கிடையாது. மூன்றாவதாக வந்த ஜெட்டுதான் அவளுக்கு ஆகவில்லை. ஒரே ஓர் ஆள் உட்காருகிற குழி, கூரான மூக்கு, சாம்பல் உடம்பு. தோப்புக்கு யானை வரும், தட்டைத் தட்டி விரட்டியிருக்கிறாள், அதற்குப் பயந்தவள் இல்லை. யானை வந்தால் வந்தது தெரியும், போனால் போனது தெரியும். இது வாயை மூடிக்கொண்டு நிற்கிறதே என்பதுதான் அவள் பயம். ஒரு நாள் ஒற்றை யானை கொட்டகை வரை வந்து, தும்பிக்கையை உள்ளே நீட்டி ஜெட்டின் மூக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றிலிருந்து பயம் கூடியது.

"அது செத்த பாம்பு அம்மிணி," என்பார் நஞ்சுண்டன்.

"செத்த பாம்புக்கும் பல்லுல வெசம் இருக்குமுங்க," என்பாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே காப்பி டம்ளரோடு ஏணியில் ஏறி, அந்தக் குழிக்குள் இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தினமும் சாயங்காலம் இது நடக்கும். ஆனால் புரட்டாசி பிறந்ததிலிருந்து அது நின்றுபோனது. யூசுப்பும் அவரும் ஒரு நாள் அந்த ஜெட்டுக்கு அடியில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாள் வடைத் தட்டோடு போனதும் பேச்சு நின்றது. அன்று சாயங்காலம் நஞ்சுண்டன் காப்பியை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். ஏனென்று கேட்டதற்கு முட்டி வலி என்றார். பாவம் மனுஷன், வயதாகிறது என்று இவளும் ஆர்.எஸ்.புரம் போய் நல்ல தைலமாகப் பார்த்து வாங்கி வந்து, தினம் இருட்டும் நேரத்தில் முட்டியில் போட்டுத் தேய்த்துவிட்டாள். அவரும் காலை நீட்டிக்கொண்டு தேய்க்கக் கொடுத்தார்.

ஆயுத பூசை நெருங்கியது. பட்டறை பூசைக்கு ஆட்கள் எல்லோரும் துடியலூர் போய்விட்டார்கள். கொட்டகையைக் கழுவித் துடைக்கும் வேலை பாவாத்தாள் தலையில் விழுந்தது. ஜெட்டைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பூசை என்று வந்த பிறகு ஒன்றைத் துடைத்து ஒன்றை விட்டால் சரஸ்வதி கேட்பாளா, கேட்க மாட்டாளா? தோப்பைப் பார்த்துக்கொள்ளும் கதிர்வேலை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு ஏறினாள்.

குழிக்குள் இருந்த இருக்கையில், தலைக்கு மேலே வருகிற இடத்தில், மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு கைப்பிடி இருந்தது. உட்காருகிறவரின் தொடைகளுக்கு நடுவே அதே மாதிரி இன்னொன்று. இரண்டிலும் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஊசி செருகியிருந்தது. ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சிவப்புத் துணிப் பட்டை தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, வெளிறிப்போய், அழுக்குக் கந்தலாகக் கிடந்தது. அதில் ஏதோ எழுத்து இருந்தது போலவும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பாவாத்தாளுக்கு அது என்னவென்று பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்தது என்று நினைத்துக்கொண்டாள். லாரியோ டிராக்டரோ, எதுவானாலும் கண்ணேறு படாமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டுகிற வழக்கம்தானே. வெள்ளைக்காரனும் கட்டியிருக்கிறான். ஆயுத பூசைக்குப் பழைய துணியை எடுத்துப்போட்டுப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். பழசை அப்படியே விட்டால் பட்ட கண்ணெல்லாம் அதிலேயே நிற்கும். அவள் மேல் ஊசியைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. கொஞ்சம் திருகி இழுத்ததும் வந்தது. கீழ் ஊசியும் அப்படியே வந்தது. துணிப் பட்டைகளை வெட்டி வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஊசிகளை வீணாக்குவானேன் என்று புளி போட்டு விளக்கினாள், பளபளவென்று ஆனது. ஸ்பேனர், அரம், சுத்தியல், தேங்காய் உரிக்கும் கம்பி என்று பூசைக்குக் குவித்திருந்த ஆயுதங்களோடு அவற்றையும் வைத்தாள். அந்தக் கூரான மூக்குக்காரனுக்கு முதல் முறையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பயம்கூடக் குறைந்தது.

பூசை அன்று காலை மேல் கைப்பிடியில் செண்டுமல்லி மாலை கட்டினாள். மாலையின் இன்னொரு முனையை நீளமாக இழுத்து, எதிரே சரஸ்வதி படம் வைத்திருந்த பந்தல் காலில் கட்டச் சொன்னாள். பூசைக்காகத் திருப்பி நிறுத்தியிருந்த ஜெட் தன் மூக்கைக் கொட்டகைக்குள் நீட்டிக்கொண்டு, அம்மனைப் பார்த்த மாதிரி நின்றது. இரண்டுக்கும் நடுவே பூச்சரம் தோரணமாகத் தொங்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

"பூ நூலு தாங்காதுங்க, காத்துக்கு அத்துக்கும்," என்றான் கதிர்வேல்.

"அப்ப நைலான் கயித்துல கோத்துக் கட்டு," என்றாள் பாவாத்தாள்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். உறவுக்காரர்கள் தோப்பு வீட்டில் இலை போட்டதும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கொட்டகையில் மிஞ்சியது நஞ்சுண்டன், பாவாத்தாள், ஆறு மாத வயிற்றோடு பண்டிகைக்கு வந்திருந்த மகள் ஹர்ஷிணி, கதிர்வேல். இனிமேல் பாக்கி எலுமிச்சம்பழம் மட்டும்தான். பூசை போட்ட வண்டியைச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்க வேண்டும். ஆள் இல்லாத வண்டியை அப்படி நகர்த்துவது ஆகாது, வீட்டு மனுஷர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஜெட்டுக்குத்தான் உயிர் இல்லையே. அதனால் கதிர்வேல் வெளியே டிராக்டரை நிறுத்தி, விமானத்தின் பின்னங்கால்களில் சங்கிலி மாட்டி, பின்பக்கமாகக் கொட்டகையை விட்டு இழுப்பதாக ஏற்பாடு. சக்கரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்தார்கள்.

"அப்பா, நான் ஏறிக்கிறேன். ஒரு வீடியோ எடுத்துக்கிறேன்," என்றாள் ஹர்ஷிணி.

நஞ்சுண்டன் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "ஏறலாங் கண்ணு. எல்லாம் பூட்டித்தான் இருக்குது. ஒண்ணும் ஆவாது."

ஏதாவது ஆகுமா என்று இவரிடம் யார் கேட்டார்கள் என்று பாவாத்தாளுக்குத் தோன்றியது. "வயித்துப் புள்ளையோட ஏணியில ஏறுவாளா? நீங்க ஏறுங்க. தெனமும் ஏறுனவர்தான?"

"என்ற முட்டிதான் இப்படிக் கெடக்குதே அம்மிணி."

"அப்பன்னா நானே ஏறித் தொலைக்கிறேன்," என்றாள் அவள்.

அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாவாத்தாள் அதைப் பார்த்தாள். மகளைப் பற்றிய கவலை நீங்கிய நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

பட்டுச்சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சேலைக் கொசுவம் தொடைக்கு நடுவில் இருந்த கைப்பிடிமேல் விழுந்து மாட்டிக்கொண்டது. இழுத்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஹர்ஷிணி செல்போனைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, சித்தெ சிரி," என்றாள். பாவாத்தாள் சிரித்தாள். கதிர்வேல் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் டிராக்டரில் ஏறினான். அவளுக்குப் பின்னால், பார்க்க முடியாத இடத்தில், டிராக்டர் உறுமியது.

விமானம் ஒரு சாண் தூரம் பின்னால் நகர்ந்தது. எதிரே தொங்கிக்கொண்டிருந்த பூச்சரம் மெல்ல மேலேறி நேர்க்கோடானது. இரண்டு செண்டுமல்லி உதிர்ந்து விமானத்தின் மூக்கின்மேல் விழுந்தன.

"நிறுத்து."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் டிராக்டர் நின்றது. யூசுப் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். பூசை முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு வந்து சேருவது அவர் வழக்கம். மனைவி ரிஃபத் கொடுத்துவிட்ட அல்வா டப்பா கையில் இருந்தது. அவர் அதைத் தரையில் வைத்தார். கண் மட்டும் பாவாத்தாளின் தலைக்கு மேலே இருந்து நகரவில்லை.

"கதிரு, பிரேக்குலயே காலை வெச்சிரு. எடுக்கவே எடுக்காத. அக்கா, நீங்க அசையாதீங்க."

யூசுப் என்றால் வாசலில் நுழையும்போதே கிண்டலோடு நுழைகிற மனிதர். அந்தக் குரலைப் பாவாத்தாள் அவரிடம் கேட்டதே இல்லை. இருக்கைக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

"பாம்புங்களா தம்பி?"

"பாம்பில்லீங்க்கா. கைய மடியில வெச்சுக்குங்க. காலத் தூக்காதீங்க. கைப்பிடி எதையும் தொடாதீங்க." பிறகு நஞ்சுண்டனைப் பார்த்தார். "செவப்புத் துணி எங்கீங்க? ரெண்டு ஊசியும் எங்கீங்க?"

நஞ்சுண்டன் அண்ணாந்து பார்த்தார்.

"என்னன்னு சொல்லுங்க," என்றாள் பாவாத்தாள். பயத்தில் அவள் குரல் கோபமாக வந்தது.

யூசுப் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் எழுந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். "அக்கா, ஆபத்துன்னா ஓட்டறவனைச் சீட்டோட மேல தூக்கி எறியற சீட்டு இது. கைப்பிடிய இழுத்தாப் போதும். அடியில தோட்டா இருக்குதுங்க. கழட்டியாச்சுன்னு வித்தவன் சொன்னான், கழட்டலை. புரட்டாசி பொறந்தப்பத்தான் நான் பார்த்தேன். அந்த ரெண்டு ஊசிதான் அதுக்குப் பூட்டு."

பாவாத்தாள் மேலே பார்த்தாள். தலைக்கு மேலே பூ, பூவுக்கு மேலே தகரக் கூரை, இரும்பு உத்தரம். எலுமிச்சம்பழம் மாதிரி என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. தலைக்கு மேலே இருந்த கைப்பிடியிலிருந்து நைலான் கயிறு விறைப்பாகப் பந்தல் காலுக்குப் போயிருந்தது. இன்னும் ஒரு சாண் பின்னால் போனால் கயிறு கைப்பிடியை இழுக்கும். கயிறு கட்டச் சொன்னது அவள். நைலான் என்று சொன்னதும் அவள்தான்.

"ஊசிய நாந்தான் எடுத்தேன்," என்றாள். "திருஷ்டித் துணின்னு நெனச்சுப்போட்டேன். துணி எரிஞ்சுபோச்சு. ஊசி அங்க பூசையில இருக்குது."

அப்போது கீழே ஏதோ நசுங்குகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. கொட்டகைத் தரை மழைத் தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிவாகப் போட்டது. முட்டுக்கட்டை எடுத்த விமானம், யாரும் இழுக்காமலே, பின்னால் நகரப் பார்த்தது. இடப்பக்கத்துச் சக்கரம் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி, பழம் பிதுங்கி, சாறு சிமென்ட் தரையில் ஓடியது. பாவாத்தாளின் தலைக்கு மேலே கயிறு கிறீச்சென்றது.

யூசுப் பாய்ந்தார். பந்தலடியில் பூசைக்கு உட்காரப் போட்டிருந்த மணைப் பலகையை உருவிச் சக்கரத்துக்குப் பின்னால் செருகி, அதைத் தோளால் முட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். "நான் நகர முடியாதுங்க," என்றார் மூச்சு வாங்க. "கயித்த யாரும் தொடாதீங்க. அறுக்கிறன்னு ஒரு வெட்டு வெட்டுனாக்கூட கைப்பிடிய இழுத்துப்போடும். ஊசி போட்டாத்தான் வழி. ஏணி வேண்டாம், ஏணி சாஞ்சா வண்டி ஆடும்."

"அம்மா..." என்றாள் ஹர்ஷிணி. அவள் விமானத்தின் மூக்கடியில் நின்றிருந்தாள்.

பாவாத்தாளுக்குத் தன் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. "அம்மிணி, நீ ஊட்டுக்குப் போ. உன்ற வயித்துல இருக்கிறதக் கூட்டிக்கிட்டுப் போ. இங்க நிக்காத. போயி, இங்க யாரும் வராமப் பாத்துக்க."

ஹர்ஷிணி அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். வாசலைத் தாண்டும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனாள். மகள் கொட்டகையை விட்டு வெளியே போனதும் பாவாத்தாள் பெருமூச்சு விடப் பார்த்தாள், அதையும் பாதியில் அடக்கினாள். இப்போது கதிர்வேல் பிரேக்கை விட முடியாது, யூசுப் பலகையை விட முடியாது. மிச்சம் இருந்தது நஞ்சுண்டன் ஒருவர்தான்.

அவர் பூசைக் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடியாமல் தொடக்கூடாது. அந்த எண்ணம் அவருக்கு வந்ததோ என்னவோ, கை ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு கையாலும் வாரினார். ஸ்பேனர் உருண்டது, சந்தனம் உதிர்ந்தது. எல்லாவற்றிலும் சந்தனம், எல்லாவற்றிலும் குங்குமம். பட்டறைக்காரர் வீட்டில் விரல் நீள இரும்புக்கா பஞ்சம்? அவர் ஒரு துளைபோடும் ஊசியை எடுத்தார், ஒரு ஆணியை எடுத்தார், கீழே போட்டார்.

"அதில்லீங்க. வலக்கைப் பக்கம். அருவாளுக்கு அடியில. ஆமா, அது. பக்கத்துலயே இன்னொண்ணு."

அவள் இருந்த இடத்திலிருந்து அந்த இரண்டு ஊசிகளும் நன்றாகத் தெரிந்தன. புளி போட்டு விளக்கியதால் அவை மட்டும் மின்னின. அவளே கழற்றி அழகு பண்ணி வைத்த பூட்டு.

நஞ்சுண்டன் எடுத்துக்கொண்டு நின்றார். எப்படி மேலே கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அழுகிற குழந்தை மாதிரி அவளைப் பார்த்தார்.

"தொரட்டி இருக்குதல்லோ, சுவத்துல. தேங்காய் பறிக்கிறது. அதுல மாட்டி நீட்டுங்க," என்றாள் அவள்.

ஊசித் தலையில் துணி கோக்கிற வளையம் இருந்தது. தொரட்டியின் கொக்கியில் அதை மாட்டி, நீளக் கழியைத் தூக்கினார். கொக்கி விமானத்தின் விலாவில் டக்கென்று பட்டது, பாவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஊசி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மாட்டினார். மறுபடி விழுந்தது.

"யூசுப்பு, என்னால முடியலையே," என்றார்.

"முடியோணுமுங்க," என்றார் யூசுப் தரையிலிருந்து. அவர் சட்டை தோளில் கிழிந்திருந்தது.

பாவாத்தாளுக்கு அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கும் என்பதால் அழவில்லை. எத்தனையோ பயத்தில் எத்தனையோ முறை புருஷனைத் தேடியவள் அவள், யானை வந்த நாளில்கூட அவர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தவள். இப்போது பார்த்தால் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டியவளும் அவளே. "ஏனுங்க, என்னைப் பாக்காதீங்க. கழியப் பாருங்க. இளநி பறிக்கிறீங்கன்னு நெனச்சுக்குங்க. மெதுவாத் தூக்குங்க. இன்னும். இன்னும் சித்தெ. அவ்வளவுதான்."

ஊசி அவள் விரலுக்கு வந்தது.

கையைத் தலைக்கு மேலே கொண்டு போனாள். பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். பூ ஈரமாக இருந்தது. பூவுக்கு நடுவே விரலை நுழைத்துக் கைப்பிடியைத் தொட்டாள். விறைத்த கயிற்றில் அவள் மணிக்கட்டு உரசியது. எடுக்கும்போது எப்படித் திருகி எடுத்தோம் என்று யோசித்தாள். வலப்பக்கம் திருகி இழுத்தேன். அப்படியானால் வலப்பக்கமிருந்து உள்ளே விட்டு இடப்பக்கம் திருக வேண்டும். எடுத்த கைக்குத்தான் வழி தெரியும். ஓட்டை கிடைக்கவில்லை. கிடைத்தது. சந்தனம் வழுக்கியது, ஊசி உள்ளே போகாமல் நின்றது. பண்ணாரி மாரியம்மனை நினைத்துக்கொண்டு மெல்ல அழுத்தித் திருகினாள். உள்ளே போய் உட்கார்ந்தது.

"மேல போட்டாச்சு."

"இப்பக் கயித்த அறுக்கலாமுங்க. வண்டி போனாலும் போவட்டும்," என்றார் யூசுப். நஞ்சுண்டன் பந்தல் காலில் இருந்த முடிச்சை அரிவாளால் அறுத்தார். பூச்சரம் தரையில் விழுந்தது.

கீழ் ஊசிக்கு அதைவிட நேரம் ஆனது. சேலைக் கொசுவம் கைப்பிடியைச் சுற்றி மாட்டியிருந்தது. ஊசி போடாமல் அவள் எழுந்திருந்தால், எழுந்த வேகத்தில் சேலையே அதைத் தூக்கியிருக்கும். அவள் துணியை ஒவ்வொரு மடிப்பாக விலக்கி, குனியாமல், விரலால் மட்டும் தேடி, இரண்டாவது ஊசியைப் போட்டாள். போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஊசியை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

முட்டுக்கட்டை வைத்தார்கள். ஏணி வந்தது. தரையில் கால் பட்டதும் அவள் அங்கேயே, எலுமிச்சைச் சாற்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கதிர்வேல் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். யூசுப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

நஞ்சுண்டன்தான் முதலில் பேசினார். உயிர் போய்த் திரும்பி வந்தால் ஆண்பிள்ளைக்கு வாய்தான் முதலில் வரும். "பூசை முடிஞ்சு ஆளக் கூட்டியாந்து தோட்டாவக் கழட்டலாமுன்னுதான் இருந்தேன் அம்மிணி. உங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்குவேன்னு சொல்லலை. ஊசி இருக்கிற வரைக்கும் பயமே இல்ல. யூசுப்பைக் கேட்டுப் பாரு."

பாவாத்தாள் யூசுப்பைக் கேட்டாள். "அப்படீங்களா தம்பி? ஊசி போட்டாச்சுன்னா உக்காந்தா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஆவாதுங்க்கா," என்றார் யூசுப் தலையைக் குனிந்துகொண்டு.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. சாய்ந்திருந்த ஏணியைக் காட்டினாள். "அப்பச் சித்தெ ஏறி உக்காருங்க. ஒரு போட்டோ புடிச்சுக்கலாம்."

நஞ்சுண்டன் ஏணியைப் பார்த்தார். முதல் படியில் காலை வைத்தார். அந்தக் கால் அங்கேயே இருந்தது, அடுத்த கால் தரையை விட்டு எழவில்லை. பிறகு வைத்த காலையும் எடுத்துக்கொண்டார்.

"முட்டி வலிங்களா?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

யூசுப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. ஹர்ஷிணி தென்னை மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று அந்தப் பக்கம் நடந்தாள்.

அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் போன பிறகு நஞ்சுண்டன் வழக்கம்போல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். இருட்டும் நேரத்துக்குப் பாவாத்தாள் தைலப் புட்டியை எடுத்து வந்தாள். அவர் காலை நீட்டவில்லை. அவள் புட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.